விச்-கீ சாளரத்தில் தமிழ் விளக்கங்கள்: வரிசை கலைகிறது, சொற்கள் அறுபடுகின்றன

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

வணக்கம். நான் கேரள எல்லையிலுள்ள ஒரு பள்ளியின் தமிழ்வழி மாணவர்களுக்குக் கணினிப் பாடம் நடத்துகிறேன். ஆய்வகத்தில் ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியின் 30ஆம் பதிப்பை நிறுவியிருக்கிறோம். கண்ட்ரோல்-எக்ஸ் போன்ற முன்னொட்டு விசையை அழுத்திவிட்டுச் சற்றுத் தயங்கினால், அடுத்து அழுத்தக்கூடிய விசைகளைக் காட்டும் விச்-கீ சாளரம் இந்தப் பதிப்பில் உள்ளேயே கிடைப்பதால், அதில் வரும் ஆங்கிலக் கட்டளைப் பெயர்களுக்குப் பதிலாகத் தமிழ் விளக்கங்களை எழுதிச் சேர்த்தேன். விளக்கங்கள் தோன்றுகின்றன, ஆனால் நெடுவரிசைகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கவில்லை. நீளமான விளக்கங்கள் பாதிச் சொல்லில் அறுந்துவிடுகின்றன. எழுத்துருவை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. மேலும், அதே கணினிகளில் மலையாளவழி மாணவர்களும் அமர்வதால், அவர்களுக்கு வேறு விளக்கங்களைக் காட்ட இயலுமா என்றும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1 (செங்கோட்டை)

டீச்சர், இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். விச்-கீ ஒவ்வொரு நெடுவரிசையையும் இடைவெளிகளால் நிரப்பி நேர்ப்படுத்துகிறது. எல்லா எழுத்தும் ஒரே அகலக் கட்டங்களில் அடங்கும் என்ற கணக்கில்தான் அந்த நிரப்பல் நடக்கிறது. தமிழ் எழுத்துகளோ வேறோர் எழுத்துருவிலிருந்து வருகின்றன. ‘ணை’யும் ‘ர’வும் ஒரே அகலமாக இருக்கப்போவதில்லை. ஆகவே எழுத்துருவோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, விச்-கீ-மேக்ஸ்-டிஸ்ப்ளே-காலம்ஸ் என்ற மாறிக்கு 1 என மதிப்புக் கொடுத்து, விச்-கீ-செட்டப்-சைடு-விண்டோ-ரைட் என்ற கட்டளையால் சாளரத்தை வலப்பக்கத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். அப்போது விசை இடப்புறத்திலும் விளக்கம் வரியின் கடைசியிலும் நிற்பதால், விளக்கத்தின் அகலம் எதையும் கலைக்காது. பட்டியல் நீண்டு ஒரே பக்கத்தில் அடங்காதபோது, முன்னொட்டுக்குப் பின் கண்ட்ரோல்-எச், அடுத்து என் (n) என்று அழுத்தினால் அடுத்த பக்கம் வரும்.

அறுபடுவதற்குக் காரணம் விச்-கீ-மேக்ஸ்-டிஸ்கிரிப்ஷன்-லெங்த். அதன் இயல்பு மதிப்பு 27. ‘கோப்பை வேறு பெயரில் சேமிக்கவும்’ என்பதில் நம் கண்ணுக்குப் பதினைந்து எழுத்தும் மூன்று இடைவெளியும் தெரிகின்றன. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனி எழுத்தாக எண்ணும் ஈமாக்ஸுக்கு அது 31. மதிப்பை நில் (nil, ‘ஏதுமில்லை’) என்று வைத்துவிட்டால் வெட்டாது.

மறுமொழி 2 (கன்னியாகுமரி மாவட்டம்)

மேலே சொன்னது சரி. நான் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன்: சாளரம் எவ்வளவு நேரத்தில் தோன்றுகிறது என்பது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். இயல்பாக ஒரு வினாடி. அதை மிகவும் குறைத்துவிட்டால் மாணவர்கள் விசைகளை மனத்தில் இருத்தாமல், ஒவ்வொரு முறையும் பட்டியலைப் படித்தே அழுத்துவார்கள். விச்-கீ-ஐடில்-டிலே மாறிக்கு 10000 போன்ற பெரிய எண்ணைக் கொடுத்து, விச்-கீ-ஷோ-ஏர்லி-ஆன்-சி-எச் என்பதை இயக்கிவிட்டால், கண்ட்ரோல்-எச் அழுத்திக் கேட்டால் மட்டுமே சாளரம் வரும். இவற்றை விச்-கீ-மோடை இயக்குவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். விச்-கீ-ஐடில்-செகண்டரி-டிலேக்கு 0.05 கொடுத்தால், ஒருமுறை தோன்றிய பின் அடுத்த நிலைகள் உடனுக்குடன் வரும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒற்றை நெடுவரிசையில் எல்லாம் ஒழுங்காக நிற்கின்றன. கேட்டால் மட்டும் காட்டும் முறையை எட்டாம் வகுப்புக்கு இப்போது வைக்கப்போவதில்லை. எதைக் கேட்பது என்றே தெரியாத பிள்ளைகளுக்கு அந்த ஒரு வினாடித் தயக்கம்தான் துணை. மேல்வகுப்புக்கு வைத்துப் பார்க்கிறேன்.

தமிழ்ப்படுத்தும்போது நான் எதிர்பாராத ஓர் இழப்பும் நேர்ந்தது. ‘கோப்பைத் திற’ என்று மட்டும் எழுதியபோது, அதற்கு ஏன் எஃப் என்ற விசை என்று ஒரு மாணவி கேட்டாள். ஃபைண்ட் என்ற சொல்லின் முதல் எழுத்து அது. என் மொழிபெயர்ப்பு அந்த நினைவுக்கொக்கியைக் கழற்றிவிட்டது. இப்போது ‘ஃபைண்ட்: கோப்பைத் திற’ என எழுதுகிறேன். வரம்பு நீங்கிவிட்டதால் இடமும் போதுகிறது.

மறுமொழி 3 (சித்தூர், ஆந்திரத்தில் உள்ளதன்று, பாலக்காட்டிலுள்ளது)

மலையாள விளக்கங்களைப் பற்றி: விச்-கீ-ஆட்-கீ-பேஸ்டு-ரீப்ளேஸ்மென்ட்ஸ் வழியாகச் சேர்ப்பவை விச்-கீ-ரீப்ளேஸ்மென்ட்-அலிஸ்ட் என்ற பட்டியலின் தொடக்கத்தில் போய் அமர்கின்றன, முதலில் பொருந்துவதே காட்டப்படும் என்பதால், கடைசியாக ஏற்றிய மொழியே வெல்லும். ஆகையால் தமிழுக்கு ஒரு கோப்பும் மலையாளத்துக்கு ஒரு கோப்பும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஏற்றுவதற்கு முன், தொடக்கத்தில் இருந்த பட்டியலை இன்னொரு மாறியில் எடுத்து வைத்து, மொழி மாற்றும்போதெல்லாம் முதலில் அதை மீட்டமைத்துவிட்டுப் பிறகு உரிய கோப்பை ஏற்றினால் பட்டியல் வீணாக வளராது.

ஓர் எச்சரிக்கை. இந்த விளக்கம் விசையோடு ஒட்டியிருக்கிறது, கட்டளையோடு அன்று. யாரேனும் அந்த விசைக்கு வேறு கட்டளையைக் கட்டினாலும் பழைய விளக்கமே தோன்றி மாணவரை ஏமாற்றும். நீங்களே புதிதாகக் கட்டும் விசைகளுக்கு, விளக்கத்தையும் கட்டளையையும் ஒரே இணையாக, விசைகளைக் கட்டளைகளோடு கட்டும் விசைப்பட்டியலில் (கீமேப்) எழுதிவிடுங்கள். ஈமாக்ஸே அதை ஏற்கும், விச்-கீயும் அங்கிருந்தே விளக்கத்தை எடுத்துக்கொள்ளும்.