புதுப்பிப்பு: அடிக்கடி துண்டிக்கப்பட்ட வெராகிரிப்ட் இயக்ககம்

வெளிப்புற வன்வட்டில் உள்ள என் கொள்கலன் கோப்பை (மறையாக்கப்பட்ட தரவுகள் அடங்கிய ஒற்றைக் கோப்பு) வெராகிரிப்ட் என்னும் மறையாக்க மென்பொருளில் மெய்நிகர் இயக்ககமாக ஏற்றியபின், சற்று நேரம் கணினியைத் தொடாமல் விட்டாலே அது காணாமல் போகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் இப்போது பிடிபட்டுவிட்டது.

திரைக்காப்பு தொடங்கும்போதோ, மின்சேமிப்பு நிலைக்குச் செல்லும்போதோ, குறிப்பிட்ட நிமிடங்கள் வரை படித்தலும் எழுதுதலும் நிகழாதபோதோ இயக்ககத்தைத் தானாகவே இறக்கிவிடும் தேர்வுகள் வெராகிரிப்டில் உள்ளன. முதல் சந்தேகம் அவற்றின்மீதுதான் விழுந்தது. ஆனால் அனைத்தையும் அணைத்த பின்னும் சிக்கல் தொடர்ந்தது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில், ஒவ்வொரு துண்டிப்பின்போதும், வட்டு எதிர்பாராமல் அகற்றப்பட்டதாகக் கூறும் 157ஆம் எண் பதிவு இருந்தது. அதாவது, கொள்கலனைத் தாங்கிய வன்வட்டே இணைப்பை இழந்திருக்கிறது. மெய்நிகர் இயக்ககம் அதனுடன் சேர்ந்து விழுந்திருக்கிறது.

மின் அமைப்புகளில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை (பயன்பாட்டில் இல்லாத யூஎஸ்பி சாதனங்களை மின்சேமிப்புக்காக உறங்கவைக்கும் வசதி) நிறுத்தியதில் துண்டிப்பு குறைந்ததே தவிர, ஓயவில்லை. தனி மின்னிணைப்பு இல்லாத யூஎஸ்பி ஹப்பை நீக்கி, வன்வட்டை நேரடியாகக் கணினியின் பின்புறத்தில் செருகிய பிறகே முற்றிலும் நின்றது. சோதனைக்காக ஹப்பை மீண்டும் இணைத்தபோது, பெரிய கோப்பொன்றை நகலெடுக்கும் நடுவிலேயே இயக்ககம் மறைந்தது.

இத்தகைய துண்டிப்புகளால் உள்ளிருக்கும் கோப்பு முறைமை பழுதடையக்கூடும் என்பதால், ஏற்றப்பட்ட இயக்ககத்தில் விண்டோஸின் வட்டுச் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்கை ஓட்டினேன். கொள்கலனைத் திறக்கத் தேவையான திறவுகோல்களைத் தாங்கிய அதன் தலைப்பகுதி சிதைந்தால் சரியான கடவுச்சொல்லும் உதவாது என்பதால், அத்தலைப்பகுதியின் நகலையும் வேறொரு வட்டில் சேமித்துவிட்டேன்.