ஊர் குரூப்பைப் பூட்டினால் வெறுப்புப் பேச்சு அடங்குமா?

நிலாவெளியான்:
திருகோணமலைப் பக்கம் மூதூர், கிண்ணியா, டவுன் எல்லாம் கலந்திருக்கிற வட்ஸ்அப் குரூப்களுக்கு ஒரு யோசனை. மதப் பிரச்சினை கிளம்பினால் 48 மணித்தியாலம் ‘அட்மின் மட்டும்’ போடுங்கள். புதிதாகச் சேர அட்மின் அனுமதி கட்டாயம். பழைய லிங்கை ரீசெட் பண்ணுங்கள், இல்லாவிட்டால் வெளியேற்றப்பட்டவர் வேறு நம்பரில் அதே லிங்கால் வருவார். 2018இல் அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடைச் சாப்பாட்டுக்குள் மலட்டு மாத்திரை என்றார்கள். பரிசோதித்தால் மாவுக்கட்டி. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் உடைந்துவிட்டன.

கிண்ணியாக்காரன்:
வதந்திக்குப் பூட்டு சரி தம்பி. தீவிரவாதத்துக்கு ஆள் பிடிக்கிறவனுக்குச் சரிவராது. அவன் பொதுக் குரூப்பில் வாய் திறக்க மாட்டான். எந்தப் பொடியன் கோபத்தில் எழுதுகிறான் என்று பார்த்திருந்து இன்பொக்ஸில் வருவான். முதலில் அனுதாபம். பிறகு ஒரே பேச்சாளரின் வொய்ஸ் கட். பிறகு ‘உங்கள் மௌலவிக்கு, ஐயருக்கு ஒன்றும் தெரியாது’. கடைசியில் டெலிகிராமில் தனிக் குரூப். எந்த மதமானாலும் வழி இதுதான். நீங்கள் பூட்டுகிற இரண்டு நாளும் பொடியனுக்குக் கதைக்கக் கிடைப்பது அந்த இன்பொக்ஸ் மட்டும்.

நிலாவெளியான்:
அப்ப எரிய விட்டுப் பார்ப்பதா, கிண்ணியா நானா? இரட்டை அம்புக்குறியோடு வருகிற ஃபார்வர்ட் எல்லாவற்றையும் அழித்தாலே பாதி குறையும்.

பாலையூற்று:
அம்புக்குறியை நம்பாதீர்கள் அண்ணா. கேலரியில் சேமித்துப் புதிதாக ஏற்றினால் அது காட்டாது. ‘நேற்று மூதூரில்’ என்று வீடியோ வந்தால் கடைப் பலகையின் எழுத்தையும் வாகன நம்பர் பிளேட்டையும் நிறுத்திப் பாருங்கள். ஒரு ஸ்கிரீன்ஷொட்டை கூகுள் லென்ஸில் போட்டால் பல நேரம் பழைய, வேறு நாட்டு வீடியோ என்று தெரிந்துவிடும். அழிக்க முன் நம்பர், திகதி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். இல்லாவிட்டால் பிறகு முறைப்பாட்டுக்குக் கையில் ஒன்றும் இராது. மறுப்புப் போடும்போது அந்தப் படத்தைத் திரும்பப் போடவே கூடாது. ‘பொய்’ என்ற வரி இங்கே நிற்கும், படம் மட்டும் அடுத்த குரூப்புக்குப் போகும்.

நிலாவெளியான்:
எழுதினவனை என்ன செய்வது? மத, இன வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கிற 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள்) சட்டம், பிரிவு 3 இருக்கிறது. பொலிஸில் கொடுங்கள்.

கிண்ணியாக்காரன்:
‘இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் கொளுத்துவோம்’ என்றால் உடனே கொடுக்க வேண்டியதுதான். மற்றதற்கு அது கோடரி. நீதவானால் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றம் போக வேண்டும். 2020இல் முகநூலில் எழுதுகிற ரம்ஸி ராஸிக் முஸ்லிம்கள் மீதான வெறுப்புக்கு எதிராகப் பேனாவாலும் கீபோர்டாலும் சிந்தனை ஜிஹாத் செய்யச் சொல்லி எழுதினார். இதே சட்டத்தில் ஐந்து மாதம் உள்ளே இருந்தார். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுத் தாக்குதலின் தலைவன் ஸஹ்ரானைப் பற்றி அதற்கு முதலே முஸ்லிம்கள் கொடுத்த முறைப்பாடுகளோ கிடப்பில் கிடந்தன.

குரூப்பில் ‘தீவிரவாதி’ என்று எழுதினால் பொடியன் அன்றைக்கே லெஃப்ட். அவனுக்குத் தெரிந்த ஒருவர், விளையாட்டுக் கழகத்து ஆளோ ரியூஷன் சேரோ, அன்றே கோல் எடுக்க வேண்டும், மெசேஜ் வேண்டாம். யாருடைய பேச்சைக் கேட்கிறான், எந்தக் குரூப்பில் இருக்கிறான் என்று கேட்டால் போதும். வேதத்தை வைத்து வாதாட வேண்டாம். படிக்காதவர் தோற்பார், அவன் அதையும் ரெக்கோர்ட் பண்ணிப் போடுவான்.

நிலாவெளியான்:
சரி, 48ஐ விடுகிறேன். இரவு 10 முதல் காலை 6 வரை பூட்டுவோம். அட்மின் தூங்குகிற நேரத்தில்தான் இதெல்லாம் ஓடுகிறது.

கிண்ணியாக்காரன்:
அதற்கு நான் எதிர்ப்பில்லை. ஆனால் உங்கள் குரூப்பில் ஐந்து அட்மினும் ஒரே மதம். முதலில் அதை மாற்றுங்கள் தம்பி.