ஒரே ஆப், ஒரே பிட்காயின், ரெண்டு விலை: எதுல வாங்கணும்?

வைகைக்கரை:
முதல் தடவையா பிட்காயின் வாங்கப் போறேன், 10,000 ரூபாய்க்கு. இந்திய எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கற தளம்). கேஒய்சி முடிஞ்சது, பணமும் உள்ளே ஏறிடுச்சு. முகப்புல "உடனே வாங்கு" பட்டனைத் தட்டினா ஒரு பிட்காயின் 82,40,000-னு காட்டுது, பக்கத்துல "கட்டணம் 0"-ன்னு போட்டிருக்கு. அதே ஆப்ல மார்க்கெட் பக்கம் போனா 80,20,000-க்கு விற்க ஆர்டர் நிக்குது, ஆனா அங்கே 0.2% கட்டணம், அதுக்கு ஜிஎஸ்டி வேற. கூகுள்ல பார்த்தா விலை இது ரெண்டையும் விடக் கம்மி. எதை நம்பறது? கட்டணம் இல்லாத பக்கம் வாங்கறதுதானே லாபம்?

எட்டாம்தசமம்:
இல்லைங்க. கட்டணத்தைப் பார்க்காதீங்க, கைக்கு எத்தனை பிட்காயின் வருதுன்னு பாருங்க. நீங்க கொடுத்த விலையிலேயே கணக்குப் போடுவோம்.

"உடனே வாங்கு": 10,000 ÷ 82,40,000 = 0.00121359 பிட்காயின்.

மார்க்கெட் பக்கம்: கட்டணம் 0.2%, அந்தக் கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி, ஆக 0.236%. கட்டணம் போக 9,976 ரூபாய்க்கு வாங்கலாம். அதை 80,20,000-ஆல வகுத்தா 0.00124389.

வித்தியாசம் சுமார் 243 ரூபாய். "கட்டணம் 0" பக்கம்தான் விலை கூட. அங்கே கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கு, ரசீதுல தனி வரியா வராது. விற்கும்போதும் அதே மாதிரி கீழே இறக்கின விலைதான் கொடுப்பாங்க, அப்போ இன்னொரு தடவை போகும். பல ஆப்கள்ல மாசா மாசம் தானா வாங்கற "எஸ்ஐபி"யும் இந்த உடனடி விலையிலதான் ஓடுது. அதைப் போடறதுக்கு முன்னாடி இந்த வகுத்தலை ஒரு தடவை செஞ்சு பாருங்க.

வைகைக்கரை:
புரிஞ்சது, நன்றி. அப்போ கூகுள் விலை? அதைவிட மார்க்கெட் பக்கமே கூடத்தானே இருக்கு, அதுவும் ஏமாத்தா?

சங்கிலி:
ஏமாத்து இல்லை. கூகுள் காட்டுவது உலகச் சந்தையின் டாலர் விலையை வங்கி டாலர் ரேட்டால் பெருக்கிய எண். இந்தியாவில் அந்த விலைக்கு விற்க யாரும் இல்லை. இங்கே கிரிப்டோ சந்தைக்குள் டாலருக்குப் பதிலாகப் புழங்குவது யுஎஸ்டிடி, ஒரு டாலர் மதிப்பில் நிற்கும்படி வெளியிடப்படும் காயின். அதன் ரூபாய் விலை வழக்கமாக வங்கி ரேட்டை விடச் சில சதவீதம் மேலே நிற்கும். ரூபாய் வெளியே போய் டாலராக மாறிக் காயினாகத் திரும்பி வர எளிதான வழி இல்லாததால் இந்த இடைவெளி மூடுவதில்லை. பிட்காயினின் ரூபாய் விலையும் அதோடு சேர்ந்து ஏறி நிற்கும்.

உங்கள் ஆப்பில் யுஎஸ்டிடி/ஐஎன்ஆர் (ரூபாய்) விலையை அன்றைய வங்கி டாலர் ரேட்டால் வகுத்துப் பாருங்கள், அந்த இடைவெளி தெரியும். விற்கும் நாளிலும் அது இருந்தால் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். சுருங்கியிருந்தால் அந்த அளவு நஷ்டம். ஆகவே ஒப்பிட வேண்டியது கூகுளை அல்ல, இரண்டு இந்திய எக்ஸ்சேஞ்ச்களின் பிடிசி/ஐஎன்ஆர் (பிட்காயின்/ரூபாய்) ஆர்டர் புக்கை, அதாவது வாங்கவும் விற்கவும் நிற்கும் ஆர்டர்களின் பட்டியலை. அந்த எக்ஸ்சேஞ்ச்கள் நிதிப் புலனாய்வுப் பிரிவான எஃப்ஐயூவில் பதிவு செய்தவையா என்றும் பாருங்கள். 2023 மார்ச்சிலிருந்து பண மோசடித் தடுப்புச் சட்டம் கிரிப்டோ நிறுவனங்களுக்கும் பொருந்தும். பதிவு செய்யாத வெளிநாட்டுத் தளங்கள் ஒன்பதுக்கு 2023 டிசம்பரில் நோட்டீஸ் போனது, பிறகு இங்கே முடக்கவும் செய்தார்கள். கட்டணம் குறைவு என்று அந்தப் பக்கம் போனால் பணத்தை வெளியே எடுப்பதே பாடாகிவிடும்.

வைகைக்கரை:
சரி, மார்க்கெட் பக்கமே வாங்கறேன். 10,000-க்கு லிமிட் ஆர்டர் போட்டா "போதுமான இருப்பு இல்லை"-ன்னு திருப்பிடுது. பணம் முழுசா உள்ளேதான் இருக்கு.

எட்டாம்தசமம்:
கட்டணத்துக்கும் ஜிஎஸ்டிக்கும் இடம் விடலை, அதான். இருப்பு 10,000-னா ஆர்டர் மதிப்பு 9,976-ஐத் தாண்டக் கூடாது. ரவுண்டா 9,950 போடுங்க.

பிடிசி/ஐஎன்ஆர் ஜோடியைத் திறந்து, ஆர்டர் வகை "லிமிட்"-ல இருக்கான்னு முதல்ல பாருங்க. சில ஆப்கள்ல திறந்ததும் "மார்க்கெட்" வகைதான் (கிடைக்கற விலைக்கு உடனே வாங்கறது) நிக்கும். ரூபாய் ஆர்டர் புக் மெலிசானது: மேல் வரிசையில 3,000 ரூபாய்க்குத்தான் சரக்கு இருக்குன்னா, மார்க்கெட் ஆர்டர் மீதியை அடுத்தடுத்த உயர்ந்த விலைகள்ல அள்ளிட்டு வந்துடும். லிமிட்ல நீங்க சொன்ன விலைக்கு மேல ஒரு பைசா போகாது.

வாங்க நிக்கறவங்கள்ல மேல் விலை 80,00,000, விற்கறவங்கள்ல கீழ் விலை 80,20,000-னா, நீங்க 80,05,000 போடலாம். "போஸ்ட் ஒன்லி" இருந்தா டிக் பண்ணுங்க. அப்போ ஆர்டர் புக்ல போய் நின்னாத்தான் ஏத்துக்கும், உடனே நிரம்பற மாதிரி இருந்தா ரத்தாகிடும். மேக்கர் (புக்ல காத்து நிக்கற ஆர்டர்) கட்டணம் டேக்கரை (உடனே நிரம்பற ஆர்டர்) விடக் கம்மியா இருக்கற இடத்துல இது உதவும், ரெண்டும் ஒண்ணுன்னா தேவையே இல்லை. அனுப்பறதுக்கு முன்னாடி பூஜ்ஜியங்களை எண்ணிடுங்க. பக்கத்துலயே "ஃப்யூச்சர்ஸ்" டேப் இருக்கும், திரையும் ஏறக்குறைய இதே மாதிரி, ஆனா அது கடன் வைச்சு ஆடற பந்தயம். நீங்க இருக்க வேண்டியது "ஸ்பாட்", அதாவது பணம் கொடுத்து நேரா காயினை வாங்கற பக்கம்.

நொய்யலாறு:
பி2பி-ல (ஆளுக்கு ஆள் நேரடியா) யுஎஸ்டிடி வாங்கி அதைப் பிட்காயினா மாத்தினா கட்டணமே இல்லைன்னு சொல்றாங்களே, அது எப்படி?

கணக்கர்:
அந்த வழியில் கட்டணம் மிச்சம், வரி மாட்டும். யுஎஸ்டிடி கொடுத்துப் பிட்காயின் எடுப்பதும் சட்டப்படி ஒரு விற்பனை. 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1% டிடிஎஸ். 10,000-க்கு 100 ரூபாய், மேலே சொன்ன 24 ரூபாய்க் கட்டணத்தைப் போல நாலு மடங்கு. ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்தான், அதுவரை அந்தப் பணம் முடங்கும். நேராக ரூபாய் கொடுத்து வாங்கினால் உங்களிடம் டிடிஎஸ் பிடிப்பதில்லை, விற்கும்போதுதான்.

லாபத்துக்கு 30% வரி, 4% செஸ் சேர்ந்து 31.2%. வாங்கிய விலை தவிர வேறு செலவைக் கழிக்க விடமாட்டார்கள். ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. அதனால் சும்மா காயின் விட்டுக் காயின் மாற்றுவது எந்தக் கட்டணத்தையும் விடப் பெரிய செலவு.

பி2பி-யில் விற்கும்போது இன்னொரு ஆபத்து உண்டு. முகம் தெரியாதவர் அனுப்பும் பணம் ஏதாவது சைபர் மோசடியில் வந்ததாக இருந்தால், புகார் வந்ததும் உங்கள் வங்கிக் கணக்கையும் முடக்குவார்கள். முதல்முறை வாங்குபவருக்கு அந்தப் பக்கமே வேண்டாம்.

வைகைக்கரை:
வாங்கினதை சொந்த வாலட்டுக்கு (எக்ஸ்சேஞ்ச் இல்லாம நம்ம கையிலேயே காயினை வைச்சுக்கறது) மாத்தணுமா? அதுக்கும் கட்டணம் காட்டுது.

சங்கிலி:
மாற்றுவது நல்லது, ஆனால் 10,000 ரூபாய்க்காக இப்போதே வேண்டாம். பிட்காயின் நெட்வொர்க் கட்டணம் தொகையைப் பொறுத்தது அல்ல, பரிவர்த்தனை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண செக்விட் (இடம் குறைவாகப் பிடிக்கும் முகவரி வகை) பரிவர்த்தனை சுமார் 141 விபைட் (அந்த இடத்தை அளக்கும் அலகு). விபைட்டுக்கு 5 சதோஷி (ஒரு சதோஷி பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) ஓடும் நாளில் 705 சதோஷி, உங்கள் விலையில் 56 ரூபாய்தான். ஆனால் எக்ஸ்சேஞ்ச் தனக்கென்று ஒரு நிலையான தொகை வைத்திருக்கும். அது 0.0003 பிட்காயின் என்றால் 2,400 ரூபாய், உங்கள் முதலீட்டில் கால்வாசி! சேர்த்து வைத்து ஒரே தடவையாக எடுங்கள். துண்டு துண்டாக எடுத்தால் பின்னால் செலவழிக்கும்போது ஒவ்வொரு துண்டும் தலா 68 விபைட் கூட்டும்.

அதற்காக வருடக்கணக்கில் அங்கேயே போட்டு வைக்காதீர்கள். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலர் அளவுக்குத் திருட்டு நடந்து, வாடிக்கையாளர்கள் ஒரு வருடத்துக்கு மேல் காயினை எடுக்க முடியாமல் நின்றார்கள். வெளியே எடுக்க அனுமதிக்கும் எக்ஸ்சேஞ்ச்தானா, குறைந்தபட்ச அளவு என்ன, இரண்டையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். எடுக்கும்போது நெட்வொர்க் "பிட்காயின்" என்றே இருக்க வேண்டும், வேறு செயினைத் தேர்ந்தால் காயின் உங்கள் வாலட்டுக்கு வந்து சேராது.

வைகைக்கரை:
80,05,000-ல போட்டாச்சு. 3,950 ரூபாய்க்கு மட்டும் நிரம்பியிருக்கு, 6,000 அப்படியே நிக்குது. கேன்சல் பண்ணினா வாங்கினதும் போயிடுமா?

எட்டாம்தசமம்:
போகாது. நிரம்பினது உங்களுது, கேன்சல் பண்ணினா நிக்கற 6,000 மட்டும் ரூபாயா இருப்புக்குத் திரும்பும். விற்கறவங்க விலை இன்னும் 80,20,000-லயே இருந்தா, கேன்சல் பண்ணிட்டு அந்த விலைக்கே லிமிட் போட்டு எடுத்துடுங்க. 6,000-க்கு 11 ரூபாய்தான் கூடும், அதுக்காக ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்துட்டு இருக்க வேண்டாம். விலை மேலே ஓடிப் போயிருந்தா விட்டுடுங்க, ஆர்டர் அங்கேயே நிக்கட்டும்.