கலைச்சொல் விவாதம்: டச்சுப் பெயர்களில் வரும் 'வான், டெ, டெர்'

குழுவினருக்கு வணக்கம்.

டச்சுக்காரரின் இயற்பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் நடுவே வரும் 'வான்', 'டெ', 'வான் டெர்' போன்றவற்றுக்கு நூற்பட்டியலில் தனிப் புலம் (தகவலைப் பதியும் கட்டம்) தேவை. அதற்கொரு பெயர் வேண்டும். இதுவரை வந்தவை: இடைச்சொல், முன்னொட்டு, ஊரொட்டு.

இடைச்சொல் கூடாது, தொல்காப்பியம் தொட்டே அது சொல்வகை நான்கில் ஒன்று. முன்னொட்டு என்றால் சேர்த்தெழுதத் தோன்றும். ஊரொட்டு ஓவியர் வான் கோவுக்குப் பொருந்தும்: டச்சு எல்லைக்கருகே கோக் என்ற ஜெர்மன் ஊர் இருக்கிறது, 'வான்' என்றால் அங்கிருந்து வந்தவர். ஆனால் தாவரவியலாளர் ஹியூகோ டெ விரீஸ்? 'டெ' வெறும் சுட்டு, ஆங்கிலத்தின் 'the' போன்றது. விரீஸ் என்றால் ஃபிரிசியர், ஓர் இனத்தார். டெ யோங் இளையவர், டெ புர் உழவர். இவற்றில் ஊரே இல்லை.

'முன்னடை' என்று வைக்கலாம். பெயரின் முன் நின்று அதைச் சிறப்பிப்பது அடை, ஒட்டவேண்டிய கட்டாயமில்லை.

மறுமொழி 1:

முன்னடைக்கு என் ஆதரவு. வரிசைப்படுத்தும் விதியும் வரையறையிலேயே இருக்கட்டும், தவறு அங்கேதான் நேர்கிறது. நெதர்லாந்தில் முன்னடையைத் தள்ளிவிட்டே அகரவரிசை: வான் கோ 'க'வில், டெ விரீஸ் 'வ'வில். பெல்ஜியத்தில் முன்னடையிலிருந்தே தொடங்குவர். கால்பந்து வீரர் கெவின் டெ புருய்ன 'ட'வில் வருவார். அமெரிக்க அதிபராக 1837 முதல் 1841 வரை இருந்த மார்ட்டின் வான் பியூரனுக்கும் 'வ'தான். ஆகவே நாடு என்றொரு புலமும் வேண்டும்.

நம் வேதியியல் பாடநூல்கள் செய்த குழப்பத்தையும் இங்கே தீர்க்கலாம். 'வாண்டர் வால்ஸ் விசை' என்பதில் வான் டெர் முன்னடை, வால்ஸ் குடும்பப்பெயர். 1910இல் இயற்பியல் நோபல் பெற்ற டச்சுக்காரரின் பெயர் அது. 'வாண்ட் ஹாஃப் காரணி'யில் சிக்கல் இன்னும் ஆழம். அந்த 'ட்', 'ஹெட்' என்ற சுட்டின் சுருக்கம். புணர்ச்சியில் வானோடு கலந்து 'வாண்ட்' ஆகிவிட்டது. வேதியியலின் முதல் நோபலை 1901இல் பெற்ற வான் ட் ஹாஃபைப் பட்டியலில் இப்படிப் பதிய வேண்டும்: ஹாஃப், யாக்கோபஸ் ஹென்றிகஸ், வான் ட். முன்னடைக்குப் புணர்ச்சி வேண்டாம் என்று விதியே எழுதிவிடுவோம்.

டச்சில் இயற்பெயரோடு வந்தால் 'வான்' சிற்றெழுத்து, குடும்பப்பெயர் தனித்து நின்றால் பேரெழுத்து. தமிழில் அந்த அடையாளம் கிடையாது. புலத்தைப் பிரிப்பது ஒன்றே வழி.

மறுமொழி 2:

இரண்டு திருத்தங்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் குடும்பம் உட்ரெக்ட் மாகாணத்து டெ பில்ட் ஊர்வழி வந்தது. ஆனால் பெயர் ஒரே சொல்லாக இறுகிவிட்டது. இலங்கைக் கிரிக்கெட் வீரர் மைக்கேல் வான்டோர்ட்டின் பெயரும் அப்படியே. இவர்களுக்கு முன்னடைப் புலம் காலியாகவே இருக்க வேண்டும். பிரித்து எழுதினால் பதிவேட்டுப் பெயரோடு பொருந்தாது.

அடுத்து, வரையறையில் 'உயர்குடி' என்ற சொல்லே வரக்கூடாது. ஜெர்மன் 'ஃபான்' பலவேளை உயர்குடியைக் குறிக்கும், டச்சு 'வான்' குறிக்காது. இசையமைப்பாளர் பீத்தோவனின் பாட்டனார் இன்றைய பெல்ஜியத்தின் மெக்கலனில் பிறந்த ஃபிளெமியர், அதாவது டச்சு பேசும் இனத்தார்; ஆகவே பேரன் பெயரிலும் டச்சு 'வான்'தான். 1818இல் வியன்னாவின் உயர்குடி நீதிமன்றம், உயர்குடிக்குச் சான்றில்லை என்று பீத்தோவனின் வழக்கைப் பொதுமக்கள் நீதிமன்றத்துக்கு மாற்றியது. பட்டியலில் அவர் 'ப'வில். 'வான்' முன்னடைப் புலத்தில்.