யுனிவர்சல், மண்டாய், செந்தோசா: 3 வயசுக்கும் 6 வயசுக்கும் டிக்கெட் எப்படி வாங்குறது?

செங்காங்_குடும்பம்:

எல்லாருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா (66, 61) நவம்பரில் சிங்கப்பூருக்கு மூணு வாரம் வந்து தங்கப்போறாங்க, சோஷியல் விசிட் பாஸ்ல (குறுகிய கால வருகைக்கானது). நான் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் (வேலைக்கானது). மனைவியும் பிள்ளைங்களும் டிபண்டண்ட் பாஸ் (குடும்பத்தாருக்கானது). பெரியவனுக்கு 6 வயசு, பாலர்பள்ளி ரெண்டாம் ஆண்டு, உயரம் 112 செ.மீ. சின்னவ 97 செ.மீ, நவம்பர் 24ஆம் தேதி 4 முடியுது.

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கும் மண்டாய் விலங்குப் பூங்காக்களுக்கும் ஆறு பேரும் போகலாம்னு நினைப்பு. சின்னவளுக்கு டிக்கெட் வேணுமா? ஒரு தளத்தில் 3 வயசுக்குக் கீழே இலவசம்னு இருக்கு, இன்னொண்ணுல 4ன்னு இருக்கு. எது சரி? உள்ளூர்வாசிக் கட்டணம் எங்களுக்குக் கிடைக்குமா, அப்பா அம்மாவுக்கும் சேருமா? வரிசையில் காத்திருக்கிறதைக் குறைக்கிற எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கினா பிரயோஜனம் உண்டா?

---

ஈசூன்_பிளாக்:

நீங்க பார்த்த ரெண்டுமே சரிதான், இடம்தான் வேற. யுனிவர்சல் ஸ்டூடியோஸ்ல 4 முதல் 12 வயசு வரை பிள்ளை டிக்கெட், 4 முடியாத பிள்ளைக்கு இலவசம், 13லிருந்து பெரியவர். மண்டாய்ல விலங்கியல் தோட்டம், இரவு சஃபாரி, ரிவர் வொண்டர்ஸ், பேர்ட் பாரடைஸ் எல்லாத்திலும் 3லிருந்தே டிக்கெட். கரையோரப் பூந்தோட்டங்கள்ல (கார்டன்ஸ் பை தி பே) ரெண்டு கண்ணாடிக் கூடத்துக்கும் 3லிருந்துதான். யுனிவர்சல் இருக்கிற செந்தோசா தீவுக்கு விவோசிட்டி கடைத்தொகுதி மூணாவது மாடியில் ஏறுற செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலும் அப்படியே: 3 முடிஞ்ச பிள்ளைக்கும் பெரியவங்களுக்கும் ஒரே 4 வெள்ளி. திரும்பி வர்றதுக்குக் காசு கிடையாது.

எல்லா இடத்திலும் வயசைப் போகிற தேதிக்குத்தான் கணக்குப் பார்ப்பாங்க, டிக்கெட் வாங்கின தேதிக்கு இல்லை. அதனால யுனிவர்சலுக்கு நவம்பர் 24க்கு முன்னாடி போயிடுங்க. 24ஆம் தேதி போனாலே சின்னவளுக்கு முழு பிள்ளை டிக்கெட் ஆகிடும். இன்னொரு லாபமும் இருக்கு. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நவம்பர் பிற்பாதியில் ஆரம்பிச்சதும் வரிசை நீண்டுடும். உங்க பையன் இன்னும் தொடக்கப்பள்ளிக்குப் போகலை, அதனால நவம்பர் முதல் ரெண்டு வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ பாருங்க.

பிறப்புச் சான்றிதழோ பாஸ்போர்ட் முதல் பக்கமோ போன்ல படமா வச்சிருங்க. நாலு வயசை நெருங்குற பிள்ளைன்னா நுழைவாயிலில் கேட்பாங்க. ஆதாரம் இல்லைன்னா அங்கேயே டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும்.

---

டிக்கெட்_கணக்கு:

வயது வரம்பைவிட உங்களுக்கு முக்கியமானது உயர வரம்பு. பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான். யுனிவர்சலின் சவாரிகளை உங்கள் இரண்டு பிள்ளைகளின் உயரத்தோடு வைத்துப் பாருங்கள்.

குறைந்தபட்ச உயரம் பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவுக்கு 125 செ.மீ, மம்மிக்கு 122 செ.மீ. இரண்டு பிள்ளைகளுக்கும் இல்லை. ஜுராசிக் பார்க் ரேபிட்ஸ் 107, டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 102, புஸ் இன் பூட்ஸ் 100. இந்த மூன்றிலும் பெரியவன் ஏறலாம், சின்னவள் முடியாது. கேனபி ஃபிளையர், என்சாண்டட் ஏர்வேஸ் இரண்டும் 92, இருவரும் ஏறலாம். செசமி ஸ்ட்ரீட் ஸ்பெகட்டி ஸ்பேஸ் சேஸ், எகிப்துப் பகுதியில் கார் ஓட்டும் டிரெஷர் ஹண்டர்ஸ் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச உயரம் கிடையாது. 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லேண்டில் பகீ பூகி, சில்லி ஸ்வர்லி என்று சிறு பிள்ளைகளுக்கான சுற்றுச் சவாரிகள் உள்ளன. சின்னவளுக்கு அந்தப் பகுதியில்தான் பொழுது போகும்.

122 செ.மீ.க்குக் கீழே உள்ள பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். எனவே தனியாக வருவோருக்கான 'சிங்கிள் ரைடர்' வரிசை உங்கள் பையனுக்கு உதவாது.

ஒவ்வொரு சவாரி வாயிலிலும் அளவுகோல் பலகை இருக்கும். 99 செ.மீ. இருந்தால் 100 செ.மீ. சவாரியில் விட மாட்டார்கள். உங்கள் சின்னவளுக்கு புஸ் இன் பூட்ஸுக்கு 3 செ.மீ.தான் குறைவு. தடித்த அடி வைத்த காலணி போட்டுக் கூட்டிப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். பாதுகாப்புக் கம்பி அந்த உயரத்துக்குக் கணக்கிட்டு வைத்தது, அதைவிடச் சிறிய உடம்பை அது சரியாகப் பிடிக்காது.

இப்போது எக்ஸ்பிரஸ். அது நுழைவு டிக்கெட்டோடு சேராது, தனியாக வாங்க வேண்டும், ஆளுக்கு ஒன்று. கூட்ட நாளில் விலை ஏறும். அதை வாங்கினாலும் உயர வரம்பு மாறாது. உங்கள் பையன் பெரிய சவாரிகள் இரண்டில் ஏறவே முடியாது, மினியன் லேண்டிலும் செசமி ஸ்ட்ரீட்டிலும் சின்னவளோடு பாதி நாள் போய்விடும். விடுமுறைக்கு முந்தைய வார நாளில் போனால் எக்ஸ்பிரஸ் தேவையே இல்லை.

அதற்குப் பதிலாக 'சைல்ட் ஸ்விட்ச்' கேளுங்கள், இலவசம். வரிசையில் நுழையும் இடத்திலேயே ஊழியரிடம் சொல்ல வேண்டும். நீங்கள் ஏறும்போது மனைவி சின்னவளோடு காத்திருப்பார், நீங்கள் இறங்கியதும் மீண்டும் வரிசையில் நிற்காமல் அவர் ஏறலாம். சவாரியை முடித்துவிட்டு வந்து கேட்டால் பலன் இல்லை.

---

மண்டாய்_பக்கம்:

உள்ளூர்வாசிக் கட்டணம் பத்திக் கேட்டீங்களே. மண்டாய் பூங்காக்களிலும் கரையோரப் பூந்தோட்டங்களிலும் குடிமக்கள், நிரந்தரவாசிகள் மட்டும் இல்லை, எம்ப்ளாய்மெண்ட் பாஸ், எஸ் பாஸ், வேலை அனுமதி, டிபண்டண்ட் பாஸ் இருக்கிறவங்களும் உள்ளூர்வாசிதான். நீங்க நாலு பேரும் வர்றீங்க. அப்பா அம்மா சோஷியல் விசிட் பாஸ்ல வர்றதால அவங்களுக்குச் சுற்றுப்பயணி விலை. 60 வயசுக்கு மேல இருக்கிற மூத்தோர் சலுகையும் உள்ளூர்வாசிக்குத்தான், அதனால வயசைக் காட்டிக் குறைச்சு வாங்க முடியாது.

எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். இணையத்தில் வாங்கும்போது உள்ளூர்வாசி ஆறுன்னு ஒரே மொத்தமா எடுத்துட்டா, உள்ளே போகும்போது பாஸ் அட்டை கேட்கிறப்ப ரெண்டு பேருக்கு மாட்டிக்குவீங்க. நாலு உள்ளூர்வாசி, ரெண்டு சுற்றுப்பயணின்னு பிரிச்சு வாங்குங்க.

அப்பா அம்மாவுக்கு மண்டாய்ல எது நல்லதுன்னா, விலங்கியல் தோட்டத்தைச் சொல்வேன். நடை அதிகம், ஆனா டிராம் இருக்கு, நிழல் இருக்கு. ரிவர் வொண்டர்ஸ் போனா பாண்டாவைக் குளிர்சாதனத்துக்குள்ள நின்னு பார்க்கலாம். அங்க அமேசான் ரிவர் குவெஸ்ட் படகுக்கு உயரம் 106 செ.மீ. வேணும், சின்னவ ஏற முடியாது. இரவு சஃபாரியை இந்தத் தடவை விட்டுடலாம்னு தோணுது. ராத்திரி 7.15க்குத்தான் திறக்கும், டிராம்ல ஏறுறதுக்குள்ள 3 வயசுப் பிள்ளை தூங்கிடும், அந்த டிக்கெட் பாழ்.

போக்குவரத்துக்கு ஸ்பிரிங்லீஃப் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 138 பஸ். அங் மோ கியோவிலிருந்தும் அதே பஸ் வரும். காத்திப் எம்ஆர்டியிலிருந்து மண்டாயோட ஷட்டில் பஸ்ஸும் உண்டு. செங்காங்லேர்ந்து ஆறு பேர் ஒரே டாக்சியில் ஏற முடியாது, ஆறு இருக்கை வண்டி பதியணும்.

---

செங்காங்_குடும்பம்:

ரொம்ப நன்றி, எல்லாம் தெளிவாச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். யுனிவர்சலுக்கு அப்பா அம்மாவை எப்படிக் கூட்டிட்டுப் போறது? அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கு, அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்புறம் ஒரு டெலிகிராம் குழுவில் பாதி விலைக்கு டிக்கெட் தர்றாங்களாம், வாங்கலாமா?

---

டிக்கெட்_கணக்கு:

டெலிகிராம் டிக்கெட்டை வாங்கவே வாங்காதீர்கள். திருடிய கடன் அட்டைகளால் வாங்கிய டிக்கெட்டுகளைப் பாதி விலைக்கு விற்பது பற்றிக் காவல்துறையே எச்சரித்திருக்கிறது. நுழைவாயிலில் டிக்கெட் ரத்தாகியிருக்கும், பணமும் போயிருக்கும். பூங்காவின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள், அல்லது அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடம். அங்கே வாங்கினாலும் தேதி குறித்த டிக்கெட்டா, பிறகு தேதி பதிய வேண்டிய டிக்கெட்டா என்று படித்துப் பாருங்கள். இரண்டாம் வகையை வாங்கிவிட்டுத் தேதி பதியாமல் போய் நிற்பவர்கள் பலர்.

பெற்றோர் விஷயத்தில் என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு யுனிவர்சல் டிக்கெட் வாங்காதீர்கள். பெரியவர் டிக்கெட் 80 வெள்ளிக்கு மேல், பிள்ளை டிக்கெட் 60 வெள்ளிக்கு மேல். 24ஆம் தேதிக்குப் பிறகு ஆறு பேரும் போனால் ஆறு பேருக்கும் டிக்கெட் வேண்டும், செலவு நன்றாகக் கூடும். முன்னதாக நீங்கள் இருவரும் பிள்ளைகளும் மட்டும் போனால் 220 வெள்ளியை ஒட்டி முடியும். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, முதுகுவலி உள்ளவர்கள் ஏறக் கூடாது என்று சவாரி வாயிலிலேயே எழுதியிருக்கும். அப்பா நாள் முழுக்கப் பையைக் காவல் காப்பதற்கா ஒரு டிக்கெட்?

அவர்களும் செந்தோசா வரலாம். விவோசிட்டியிலிருந்து செந்தோசா போர்டுவாக் வழியாக நடந்தால் நுழைவு இலவசம். வழிநெடுகக் கூரையும் இடையிடையே நகரும் நடைபாதையும் இருப்பதால் முழங்கால் வலிக்குப் பரவாயில்லை. அதுவும் வேண்டாமென்றால் ஹார்பர்ஃபிரண்ட்டிலிருந்து 123 பஸ், வழக்கமான பஸ் கட்டணம்தான். யுனிவர்சல் வாசலில் உள்ள உலக உருண்டை முன்னால் படம் எடுத்துக்கொள்ள டிக்கெட் தேவையில்லை, அது வெளியேதான் சுழல்கிறது. பிறகு அவர்கள் பலாவான் கடற்கரையில் உட்காரலாம், அதற்கும் காசு இல்லை.

---

ஈசூன்_பிளாக்:

நவம்பர்ங்கறதால மழையையும் சேர்த்துக்குங்க. மின்னல் அபாயம் வந்தா வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திடுவாங்க, அதுக்குப் பணம் திருப்பித் தரமாட்டாங்க. இடிமழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல. கேனபி ஃபிளையர், என்சாண்டட் ஏர்வேஸ், ரேபிட்ஸ் மூணையும் காலையிலேயே முடிச்சுடுங்க. டிரான்ஸ்ஃபார்மர்ஸும் ஸ்பெகட்டி ஸ்பேஸ் சேஸும் கூரைக்குள்ள, அதை மழைக்கு ஒதுக்கி வைங்க. ரேபிட்ஸ்ல நல்லா நனையும். ஒரு மழைக்கோட்டு வீட்டிலிருந்தே எடுத்துட்டுப் போங்க, பையனுக்கு மாத்து உடையும்.

வெளிச்சாப்பாடு யுனிவர்சலுக்குள்ள அனுமதி இல்லை. கைக்குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு விதிவிலக்கு. தண்ணி பாட்டில் கொண்டு போகலாம்.

---

பூந்தோட்ட_மாமி:

டிக்கெட் வாங்காத நாளுக்கும் ஒண்ணு சொல்றேன். கரையோரப் பூந்தோட்டங்களில் சிறுவர் பூங்கா இலவசம், தண்ணி விளையாட்டு உண்டு, நீச்சல் உடையும் துண்டும் எடுத்துப் போங்க. தாவரவியல் பூங்காவில் ஜேக்கப் பாலஸ் சிறுவர் பூங்காவும் இலவசம், 14 வயசு வரைக்கும். பிள்ளை கூட இல்லாம பெரியவங்களை உள்ளே விடமாட்டாங்க, அதனால தாத்தா பாட்டி பேரப்பிள்ளையோட சேர்ந்தே நுழையணும். ரெண்டும் திங்கட்கிழமை மூடல், அந்த நாள் போய் ஏமாறாதீங்க.

ராத்திரி கரையோரப் பூந்தோட்டங்கள்ல சூப்பர்ட்ரீ (மரம் மாதிரி உயரமான கோபுரங்கள்) விளக்குக் காட்சிக்கும் காசில்லை, 7.45க்கும் 8.45க்கும். பிள்ளைங்களோடன்னா 7.45தான் சரி. கால்மணி முன்னாடியே போனா அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும்.