மினி டிராக்டர் வாங்கியவர்களுக்கு: நம் ராமநாதபுரம் கடலோரத்தில் வாரன்டி எதுவரை கைகொடுத்தது?

திருப்பாலைக்குடி விவசாயி

நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 24 குதிரைத்திறன், நான்கு சக்கர இழுவை. கண்மாய்ப் பாசன வயலில் தொழி உழவு, அதாவது தண்ணீர் கட்டிய சேற்று உழவு, முடித்துக் கரையேறும்போது முன் அச்சில் முனகல் கேட்டது. மெக்கானிக் அடியில் படுத்து, அச்சின் வடிகால் திருகைக் கழற்றினார். பொன்னிறத்தில் வர வேண்டிய ஆயில், பால் கலந்த தேநீராக வடிந்தது. ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து பேரிங் வரை கெடுத்துவிட்டது.

வாரன்டி காலம் முடியவில்லை. நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி பார்வையிட வந்தார். ஆயிலைப் பார்க்கவே இல்லை. முன் சக்கரத்தின் போல்ட் தலையில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை நகத்தால் சுரண்டி, அந்த நகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஐயா, இது கடலில் இறங்கிய வண்டி. படகு இழுத்திருக்கிறீர்கள். வாரன்டி கிடையாது."

"தம்பி, இந்த ஊரில் கொல்லையில் நிற்கிற சைக்கிளிலும் உப்புப் பூக்கும். வந்து சுரண்டிப் பாருங்கள்" என்றேன். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊரில் படகுகளைக் கரையேற்றும் டிராக்டர்கள் இருப்பது உண்மை. என் வண்டி மணலில்கூட இறங்கியதில்லை. அந்த நகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

உச்சிப்புளித் தோப்பு

எனக்கு வாரன்டி கிடைத்தது. கிடைத்தும் என்ன பயன் என்பதுதான் என் கதை. தென்னை வரிசைகளுக்குள் மண்ணைச் சுழற்றிப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஹைட்ராலிக் கைகள் தூக்க மறுத்துவிட்டன. ரோட்டவேட்டர் மண்ணுக்குள் கிடக்கிறது; வண்டியை முன்னாலும் எடுக்க முடியவில்லை, பின்னாலும் எடுக்க முடியவில்லை. பம்ப் போய்விட்டது என்றார்கள். பாகம் இலவசம். ஆனால் வண்டியை ஏற்றிப் போன லாரி வாடகையும் மெக்கானிக் வந்து போன செலவும் என் பையிலிருந்துதான் போயின. பாகம் வந்து சேர்வதற்குள் ஐப்பசி மழை முடிந்துவிட்டது. அந்தப் பருவத்துக்கு ஊடுபயிர் இல்லை.

இருந்தாலும் தோப்புக்காரர்களுக்கு மினி வண்டியை விட்டால் வேறு வழியில்லை. தாழ்ந்த மட்டைக்குக் கீழே பெரிய வண்டி நுழையாது. நுழைந்தால் குலையும் மட்டையும் சேர்ந்து விழும். எனவே குதிரைத்திறனைப் பார்க்காமல் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

கடலாடிக் கரிசல்

உச்சிப்புளி அண்ணன் சொல்வது மணல் பூமிக்குச் சரி. கரிசலுக்கு அதைச் சொல்லாதீர்கள். குதிரைத்திறனைப் பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்று என் கண்ணால் பார்த்தேன்.

என் தம்பி மகன் புதுவண்டி வாங்கினான். அதே 24 குதிரைத்திறன்தான். புழுதி விதைப்புக்கு முன் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் உழ வேண்டும், அவசரம். பெரிய வண்டிக்குரிய ஒன்பது கொத்துக் கலப்பையை இரவல் வாங்கி மாட்டினான். வரப்பேறியதும் முன் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு ஒரு முழம் எழுந்து நின்றன. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கிளட்சை மிதித்ததால் பிழைத்தான். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் வண்டி பின்னால் கவிழ்ந்திருக்கும். அவன் அம்மா அன்று வயலிலேயே இருந்தார்.

வெடித்துக் காய்ந்த கரிசலில் ஐந்து கொத்துக்கு மேல் அந்த வண்டி தாங்காது. முன்னால் எடைக்கட்டிகள் போட்டாலும் இழுவை கூடுமே தவிர எஞ்சின் பெரிதாகிவிடாது. ஐந்தரை, ஆறு லட்சம் கொடுத்து மினி வாங்குவதைவிட, அதே பணத்துக்கு நன்றாக வைத்திருந்த 40 குதிரைத்திறன் பழைய வண்டி கிடைக்கும். கடலாடியிலும் முதுகுளத்தூரிலும் எந்தப் பட்டறையிலும் அதைப் பிரிக்கத் தெரியும். வாரன்டி இல்லைதான். திருப்பாலைக்குடி ஐயாவுக்கு இருந்த வாரன்டி என்ன செய்தது?

பெரியபட்டினம் மகள்

அத்தா பெயரில் வண்டி, கணக்கு வழக்கு நான். கடன் தவணை ஆறு மாதத்துக்கு ஒன்று என்பதால், விதைப்புக் காலத்தில் அக்கம்பக்கத்து வயல்களுக்கும் வாடகைக்கு ஓட்டினோம். கடையில் "இரண்டு வருட வாரன்டி" என்றுதான் வாய் நிறையச் சொன்னார்கள். இரண்டாம் வருடம் முடியும் முன்பே கியர் பெட்டியில் சத்தம் வந்தது. வந்தவர் வேறெதையும் தொடவில்லை. எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரைத் துடைத்துவிட்டு எண்ணை உரக்கப் படித்தார். 2,000 மணி நேரம் தாண்டியிருந்தது. "ஆண்டு அல்லது மணி, எது முந்துகிறதோ அது" என்று புத்தகத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார். அத்தா மீட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

வாடகைக்கு ஓட்ட நினைப்பவர்கள் ஆண்டைப் பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். இப்போது சில நிறுவனங்கள் ஐந்து, ஆறு ஆண்டு என்று விளம்பரம் செய்கின்றன. அதில் முழு வண்டிக்கு எத்தனை ஆண்டு, எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் மட்டும் எத்தனை ஆண்டு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், பெல்ட், ரப்பர் சாமான்கள் பொதுவாக எதிலும் வராது. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த நிறுவனங்களிடம்தான் போக வேண்டும்.

ராமநாதபுரம் பட்டறை

எல்லோர் கதையும் என் பட்டறை வாசலுக்கு வருகிற கதைதான். சென்ற புரட்டாசியில் ஒரு வண்டி வந்தது, ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி புதிது. ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரின் உறையை உரித்தேன். உள்ளே செம்பு முழுவதும் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. வெளியே பார்த்தால் ஒயர் புத்தம் புதிது. வாலிநோக்கம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டி அது.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் செலவெல்லாம் தடுக்கக்கூடியது. ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் பக்கத்துக் கிணறுகளில் பல உவர். உள்ளே படிவு கட்டி எஞ்சின் சூடேறினால், ஹெட் கேஸ்கட் போகும். கூலன்ட்தான் ஊற்ற வேண்டும், அதையும் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து. உழவு முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், காய்ந்த பிறகு கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி, புதுக் கிரீஸ் வரும்வரை அடித்தால்தான் உள்ளே போன தண்ணீரும் மணலும் வெளியேறும். கழிவு ஆயிலைப் பூசினால் துரு பிடிக்காது என்று எல்லா இடத்திலும் பூசுகிறார்கள். இரும்பில் பூசுங்கள். சீல், ஹோஸ், ஒயர் உறை மேல் பட்டால் ரப்பர் உப்பிப் போகும்.

முதல் சர்வீஸ் பெரும்பாலும் 50 மணி நேரத்தில் வரும். அதைத் தவறவிட்டாலோ வெளியில் செய்தாலோ வாரன்டியை மறுக்க அவர்களுக்கு அது ஒன்றே போதும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் முத்திரையும் தேதியும் மணியும் புத்தகத்தில் விழ வேண்டும். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் அச்சு ஆயிலைத் தொழி உழவு முடிந்ததும் ஒருமுறை பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றே மாற்றிவிடலாம், பேரிங் தப்பிக்கும். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது; டிராக்டர் டயருக்கும் பல உதிரி பாகங்களுக்கும் 18 சதவீதத்திலிருந்து 5. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் பில்லில் வரியைப் பாருங்கள்.

கடலாடி அண்ணே, பழைய வண்டி எல்லாப் பட்டறையிலும் பிரிப்போம் என்றீர்கள். பிரிப்போம். ஆனால் நன்றாக வைத்திருந்த வண்டியை யாரும் எளிதில் விற்பதில்லை.

திருப்பாலைக்குடி விவசாயி

பட்டறைக்காரத் தம்பிக்கு வணக்கம். நல்ல தண்ணீரில் கழுவு என்கிறீர்கள். எங்கள் தெருவில் குடிக்கிற தண்ணீரையே குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். கூட்டுக் குடிநீர்க் குழாயில் வருகிற அன்றைக்குப் பெண்கள் வரிசையில் நிற்கும்போது, நான் டிராக்டரைக் கழுவினால் ஊர் என்னைச் சும்மா விடுமா? மழைக்காலத்தில் ஊருணித் தண்ணீரில் கழுவுகிறேன். மற்ற மாதங்களில் துடைத்துத்தான் வைக்கிறேன். இந்தக் கடற்கரையில் வண்டி விற்கிறவர்கள் இந்த உப்பைத் தெரிந்துதானே விற்கிறார்கள்? விற்கும்போது உப்புப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாரன்டி கேட்கும்போது மட்டும் அது கண்ணில் படுகிறது.

ஆர்.எஸ்.மங்கலம்

வாங்கவே வேண்டாம் என்கிற கட்சி நான். நான்கு ஏக்கருக்குள் வைத்திருப்பவர்களுக்குச் சொந்த வண்டி கட்டுப்படியாகாது. வேளாண்மைப் பொறியியல் துறையில் இ-வாடகை என்னும் இணையவழி முன்பதிவில் டிராக்டர் எடுக்கலாம். நான் எடுத்தபோது மணிக்கு 500 ரூபாய். குறை ஒன்றுதான்: மழை பெய்த மறுநாள் எல்லோரும் ஒன்றாகக் கேட்போம். என் முறை வந்தபோது ஓட்டுநர் வரப்பில் இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினார், உருளவில்லை. "ஈரம் போய்விட்டதே, அம்மா" என்றார். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. இருந்தாலும் அந்த ஒரு விதைப்பு மட்டும்தான் எனக்கு நட்டம், தலைமேல் கடன் இல்லை.

கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்றால் மானியத்துக்கு முதலில் அரசின் உழவன் செயலியில் பதிந்துவிட்டு, ஒப்புதல் வந்த பிறகு வாங்குங்கள். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை. அதற்கு உச்சவரம்பும் உண்டு.

பெரியபட்டினம் மகள்

திருப்பாலைக்குடி மாமா, வாரன்டி இல்லை என்று அவர்கள் வாயால்தானே சொன்னார்கள்? எழுத்தில் கேளுங்கள். எந்தப் பாகம், எந்தக் காரணம், புத்தகத்தின் எந்த விதி என்று கடிதமாக வரட்டும். ஸ்பீட் போஸ்டில் கேட்டால் பாதிப்பேர் இறங்கி வருவார்கள். வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆயிலைக் கீழே கொட்டாமல் பாட்டிலில் பிடித்து மூடி வைத்திருந்தால் அதையும் கொடுங்கள். உள்ளே போனது கடல் தண்ணீர் என்றால் சோடியம் கூடுதலாக இருக்கும்; அது எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்க்க முடியும்.

தொண்டி, புதியவர்

எல்லாம் படித்தேன். பழைய மினி வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, மீட்டர் 900 மணி காட்டுகிறது. போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ராமநாதபுரம் பட்டறை

சொல்லாமல் கொள்ளாமல் விடிகாலையில் போங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. 900 மணி என்றால் கிளட்ச் மிதியின் ரப்பரில் கோடுகள் இன்னும் தெரிய வேண்டும்; வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். முன் அச்சுத் திருகை உங்கள் எதிரிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் ஒயரை வளைத்துப் பாருங்கள், நொறுங்குகிற சத்தம் வரக்கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் வங்கிக் கடன் ரத்தான பதிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.