அப்பிச்சி 80: அழைப்பிதழ்

கவி: [படம்] நைட்டு பிரஸ்ஸுக்கு அனுப்பணும். எல்லாருக்கும் ஓகேவா?

சரோஜா பெரியம்மா: எழுத்து ஏங்கண்ணு இப்படி நெளியுது

செந்தில் அண்ணா: தீப்புடிச்ச மாதிரி இருக்கு

மணி மாமா: சரியாச் சொன்ன செந்திலு. 1966-ல சான் பிரான்சிஸ்கோ பில்மோர் அரங்கத்துக் கச்சேரிங்களுக்கு வெஸ் வில்சன் போட்ட போஸ்டர் எழுத்து இது. வியன்னாவுல ஆல்ஃபிரட் ரோலர்னு ஒருத்தர் வரைஞ்ச எழுத்தப் பாத்து புடிச்சாரு. போறவன் நின்னு படிக்கோணும், அதுக்குத்தான் நெளியுது

சரோஜா பெரியம்மா: தேதி எங்க தம்பி

மணி மாமா: அந்தச் சிவப்பும் நீலமும் பாருங்கக்கா. அது விக்டர் மொஸ்கோசோ வழி. அவரும் அதே ஊருல போஸ்டர் போட்டவரு, யேல் யுனிவர்சிட்டில ஜோசப் ஆல்பர்ஸ்ங்கற ஓவியர்கிட்ட நிறம் படிச்சவரு. எதிரெதிர் நிறத்த ஒரே அடர்த்தில ஒட்டி வெச்சா ஓரம் அதிரும். போனக் கிட்ட வெச்சு அப்பா பேரப் பாருங்க, நடுங்கும்

சரோஜா பெரியம்மா: நான் கண்ணு ஆப்பரேசன் பண்ணவ

செந்தில் அண்ணா: சமையல்காரரு கேக்கறாரு. 300 இலையா 400-ஆ

மணி மாமா: இது வெறும் வெள்ளக்காரன் சமாச்சாரம் இல்ல. 1969 ஆகஸ்ட் 15, அமெரிக்காவுல உட்ஸ்டாக் பாட்டுத் திருவிழா. பெத்தெல்ங்கற ஊர்ல ஒரு பால்பண்ணக்காரர் நெலம், 4 லட்சம் சனம். ரோடு அடச்சு பாட்டுக்காரங்க வந்து சேரல. ரிச்சி ஹேவன்ஸ் பாடிப் பாடி, பாட்டுத் தீந்து, மேடையிலயே புதுசா ஒண்ணு கட்டுனாரு. அப்பறம் ஹெலிகாப்டர்ல வந்து தொடக்க உரை சொன்னது யாரு? நம்ம செட்டிபாளையத்துச் சச்சிதானந்த சாமி! அவர 1966-ல நியூயார்க்குக்கு வரவெச்சது பீட்டர் மாக்ஸுங்கற ஓவியர். கவி போட்டிருக்கற வானவில்லு, நட்சத்திரம் எல்லாம் அவரு வழிதான்

கவி: ஜாஸ் வாசிக்கற ஆலிஸ் கோல்ட்ரேன் 1971-ல அந்தச் சாமி பேர்லயே ஆல்பம் போட்டாங்க மாமா. அதக் கேட்டுட்டேதான் வரைஞ்சேன் ❤️

மணி மாமா: கண்ணு 🙏 செந்தில் போடற சாயம் முக்குன டீசர்ட்டும் அந்தக் காலத்துப் பசங்க கெளப்பி விட்டதுதான். துணிய முடிஞ்சு முடிஞ்சு முக்கறது, அம்மாவோட சுங்குடி மாதிரியே

அத்தை: அந்த அரக்குச் சுங்குடி இப்ப யார்கிட்ட இருக்கு?

அத்தை: சும்மா கேட்டேன்

சரோஜா பெரியம்மா: அம்மா கையால குடுத்தது

அம்மா: அத விடுங்க. மண்டபம் பேரும் தெரியல கவி

கவி: தேதி, மண்டபம் ரெண்டும் நேர் எழுத்துல போட்டுர்றேன்

மணி மாமா: அப்பா பேரத் தொட்றாத

சரோஜா பெரியம்மா: அப்பாவக் கேளுங்க மொதல்ல

அம்மா: போன வாங்கிப் பெருசு பண்ணிப் பாத்துட்டு இருக்காரு. இன்னும் குடுக்கல

செந்தில் அண்ணா: இலை??